வளையாத இடுப்புக்கும் யோகா உண்டு
(உடல்நலப் பாடம்)



யோகா என்று பேச்செடுத்தால் நம் லயங்களில் உடனே வருகிற பதில் ஒன்று உண்டு. "குனிஞ்சா கை முழங்காலுக்குக் கீழ போக மாட்டேங்குது. எனக்கு எங்க யோகா வரப்போகுது?" என்பதுதான் அது. வயதில் மூத்தவர்கள், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பழமொழி பிள்ளை வளர்ப்புக்குச் சொன்னது. இடுப்புக்குச் சொன்னதல்ல. ஐம்பதிலும் இடுப்பு வளையும், கொஞ்சம் கொஞ்சமாக, அதன் போக்கில். இந்தப் பாடத்தில் நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உடம்பு வளைந்த பிறகு தொடங்குவது அல்ல யோகா. உங்கள் உடம்பு இன்றைக்கு எவ்வளவு தூரம் போகிறதோ, அந்த இடத்திலேயே அது தொடங்குகிறது.

1. உழைக்கிற உடம்புக்கு யோகா எதற்கு?

"நாள் முழுக்க மலை ஏறி எறங்குறோம். இதுக்கு மேல ஆசனம் வேற செய்யணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

தோட்ட வேலை உடம்புக்குப் பலம் தருகிறது. ஆனால் அது உடம்பை ஒரே பக்கமாகத்தான் இழுக்கிறது. கொழுந்து எடுக்கிற அக்காவைப் பாருங்கள். கூடைக் கயிறு தலையில் கிடக்கிறது. பாரம் கழுத்தில் இறங்குகிறது. இரண்டு கையும் முன்னால் நீண்டபடியே மணிக்கணக்காக வேலை செய்கின்றன. நமுனுகுல சரிவில் ஒரு கால் மேலேயும் மறு கால் கீழேயும் நிற்கிறது. ஆண்கள் முள்ளுக் குத்தினாலும், கான் வெட்டினாலும், கவ்வாத்துக்குப் போனாலும் குனிவது முன்பக்கமாகத்தான். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போதும் அப்படியே.

இப்படி வருடக் கணக்கில் போனால் நெஞ்சுப் பக்கத்துத் தசைகளும் தொடையின் பின்பக்கத் தசைகளும் இறுகிப்போகும். தோள் முன்னால் விழும். பின்முதுகு எந்நேரமும் பாரம் தாங்கிக் களைத்துப்போகும். பிறகு ஒருநாள், குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற சின்ன வேலையில் இடுப்பு "பிடித்துக்கொள்ளும்".

இடுப்பு பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. போயும் நிறை குறைந்தால் அரைப்பேர். இரண்டு பெனடோலைப் போட்டு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் கூடையைத் தூக்குகிறோம். யோகா இந்த இடத்தில்தான் உதவுகிறது. வேலை உடம்பை எந்தப் பக்கம் மடக்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திறந்துவிடுகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யோகா செய்வதால் கூடையின் பாரம் குறையாது, மலையின் சரிவும் குறையாது. பாரம் அளவுக்கு மீறினால் அதை வெளிக்கள உத்தியோகத்தரிடமும் தோட்டத் தலைவரிடமும் பேசித்தான் தீர்க்க வேண்டும். யோகா அதற்குப் பதில் அல்ல. ஆனால் உங்கள் உடம்பு உங்கள் சொத்து. அதைப் பராமரிக்க யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை.

2. கை முழங்காலைத் தாண்டாத பையன்

இருபதாம் நூற்றாண்டில் யோகாவை உலகம் முழுக்கக் கொண்டு போனவர்களில் ஒருவர் பி.கே.எஸ். ஐயங்கார். இவர் 1918ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கர்நாடகத்தில் பெல்லூர் என்ற ஊரில் பிறந்தார். அது உலகம் எங்கும் இன்புளுவென்சா காய்ச்சல் பரவிய வருடம். ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள். கைகால் மெலிந்து, நோஞ்சானாக இருந்தார்.

பதினைந்து வயதளவில் மைசூருக்குப் போனார். அங்கே அவருடைய அக்காவின் கணவர் கிருஷ்ணமாச்சாரியார் யோகா கற்பித்துக்கொண்டிருந்தார். பையனைப் பார்த்த அவருக்கு, இவனுக்கு யோகா வரும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. குனிந்தால் கை முழங்கால் அளவுக்குத்தான் போனது என்று ஐயங்காரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உங்கள் கை நிற்கிற அதே இடம்தான்.

அந்தப் பையன் 1937இல் பூனா நகருக்கு ஆசிரியராகப் போனார். 1966இல் அவர் எழுதிய யோகா நூல் பல மொழிகளில் வந்தது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமது 95ஆவது வயதில் காலமானார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஆசனங்களை விடாமல் செய்து வந்தார்.

அவர் வாழ்க்கையில் நமக்கு வேண்டிய பாடம் இன்னொன்று. தரையைத் தொட முடியாதவருக்கு அவர் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். காலைப் பிடிக்க முடியாதவருக்கு ஒரு பட்டியைக் கொடுத்தார். நாற்காலி, கயிறு, போர்வை, சுவர் எல்லாவற்றையும் உதவிக்கு எடுத்துக்கொண்டார். கை எட்டாத இடத்தில் ஒரு துண்டு எட்டும் என்பது அவர் காட்டிய வழி. இந்தப் பாடத்தில் நாமும் அதைத்தான் பின்பற்றப் போகிறோம். நமக்குத் தேவையானது ஒரு துண்டு, ஒரு கம்பளி, ஒரு சுவர்.

3. தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்த குரு

யோகா என்றால் பட்டணத்துக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உரியது என்று நினைக்கிறோம். அது சரியல்ல.

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்ற ஊரில் 1887இல் பிறந்தவர் குப்புசாமி. இவர் ஒரு டொக்டர். 1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறி, சிரம்பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை செய்தார். நம்மைப் போலவே கடல் தாண்டிப் போன தோட்டத் தொழிலாளிகளின் காய்ச்சலையும் காயத்தையும் பார்த்தவர் அவர். 1920களில் இந்தியா திரும்பி, இமயமலை அடிவாரத்தில் ரிஷிகேசத்தில் துறவியானார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1950இல் இலங்கைக்கும் வந்து போனார்.

அவருடைய சீடர் ஒருவர் கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். இவர் 1953இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் பிறகு நம் மலைநாட்டில் கண்டியிலும் இருந்து யோகா கற்பித்தார். 1966இல்தான் இங்கிருந்து மேல்நாட்டுக்குப் போனார். அமெரிக்காவுக்குப் பிரபலமான யோகா ஆசிரியரைக் கொடுப்பதற்கு முன்னால், பத்து வருடத்துக்கு மேலாக அவர் நமக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

இவர்கள் துறவிகள் என்பதற்காக, யோகா செய்கிறவர் சமயம் மாற வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். இங்கே நாம் படிப்பது உடம்பையும் மூச்சையும் பற்றிய பயிற்சி. கோயிலுக்குப் போகிறவரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் செய்யலாம்.

வைத்தியர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 101 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2005இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு வகுப்பாக 12 வாரம் யோகா கற்பித்தார்கள். அது, முன்னே சொன்ன கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் சென்னையில் கற்பித்த வழியைத் தழுவிய எளிய யோகா. அதைச் செய்தவர்கள், இடுப்பு வலி பற்றிய புத்தகத்தை மட்டும் வாசித்தவர்களைவிட அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்தார்கள். 2017இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொன்னது. அந்த வரிசையில் யோகாவும் இருக்கிறது.

4. உடம்பு ஏன் இறுக்கமாக இருக்கிறது?

இதற்கு மூன்று காரணம் உண்டு.

ஒன்று, பழக்கம். ஒரு தசையை முழு நீளத்துக்கு நீட்டாமலே வைத்திருந்தால் அது அந்த அளவுக்கே பழகிவிடும்.

இரண்டு, நரம்பின் காவல். பழக்கமில்லாத தூரத்துக்குத் தசையை நீட்டினால், "இதுக்கு மேல போகாதே" என்று உடம்பு இழுத்துப் பிடிக்கும். அவசரப்பட்டு ஆட்டி ஆட்டி இழுத்தால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மெதுவாக நீட்டி, மூச்சு விட்டுக் காத்திருந்தால் தளர்ந்து கொடுக்கும். முதல் சில வாரங்களில் நமக்குக் கிடைக்கிற முன்னேற்றம் பெரும்பாலும் இந்தக் காவல் தளர்வதால் வருவதுதான்.

மூன்று, எலும்பின் அமைப்பு. இடுப்பு மூட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு எவ்வளவு பழகினாலும் பத்மாசனம் வராது. அது குறையல்ல. பக்கத்துக் காம்பராத் தங்கச்சிக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்று மல்லுக்கட்டினால் முழங்கால்தான் கெடும்.

பழைய யோக சூத்திர நூல் ஆசனத்துக்குச் சொல்கிற இலக்கணம் இரண்டுதான்: அசையாமல் இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். கால் விரலைத் தொட வேண்டும் என்று அதில் இல்லை.

5. தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- சோறு சாப்பிட்டு மூன்று மணி நேரம் போக வேண்டும். தேத்தண்ணி, ரொட்டி என்றால் ஒரு மணி நேரம் போதும்.
- விடியற்காலையில் எழுந்தவுடன் குனியாதீர்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் பாரம் கூடுதலாக விழும். அதனால் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்யாமல், வேலை முடிந்து மேல் கழுவிய பின் அந்தி நேரத்தில் செய்வதே நமக்கு நல்லது.
- சீமெந்துத் தரையில் வெறும் பாய் போதாது. கம்பளியை மடித்துப் போடுங்கள். ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தால் போதும்.
- சேலையோடு செய்வது கஷ்டம். தளர்வான சுரிதார், கால்சட்டை எதுவானாலும் சரி.
- மூச்சை அடக்க வேண்டாம். மூக்கால் இழுத்து மூக்கால் விடுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது அதிகம்.
- கர்ப்பிணித் தாய்மார், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், ஆபரேசன் செய்தவர்கள், பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ மருத்துவிச்சியிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

6. ஏழு பயிற்சிகள்

கடிகாரம் தேவையில்லை. மூச்சை எண்ணினால் போதும். நிதானமான ஐந்து மூச்சு ஏறக்குறைய அரை நிமிடம்.

முதலாவது: படுத்து மூச்சு விடுதல். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைத் தரையில் வையுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது வயிறு எழும்பும், விடும்போது தாழும். பத்து மூச்சு. இதற்கு வளைய வேண்டிய அவசியமே இல்லை. இதுவும் யோகாதான்.

இரண்டாவது: தோளைத் திறத்தல். நிமிர்ந்து நின்று தோள்களைக் காதுவரை தூக்கிப் பின்பக்கமாக உருட்டி இறக்குங்கள். எட்டுத் தடவை. பிறகு ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்து, கைகளைக் கீழ்நோக்கிப் பின்னால் நீட்டுங்கள். நெஞ்சு விரியும். ஐந்து மூச்சு. கழுத்தை வலம் இடம் மட்டும் திருப்புங்கள். வட்டமாகச் சுற்ற வேண்டாம்.

மூன்றாவது: சுவரில் பாதிக் குனிதல். சுவரைப் பார்த்து நின்று, இடுப்பு உயரத்தில் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வையுங்கள். மெதுவாகப் பின்னால் நடந்து, கையும் முதுகும் ஒரே நேராக வரும் வரை குனியுங்கள். தொடையின் பின்பக்கம் அதிகமாக இழுத்தால் முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். அல்லது கையை இன்னும் மேலே வையுங்கள். ஐந்து மூச்சு. தரையைத் தொட முடியாதவர்களுக்கு இதுதான் முதல் ஆசனம்.

நான்காவது: பூனை போல் முதுகை அசைத்தல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நில்லுங்கள். முழங்காலுக்கு அடியில் கம்பளி இருக்கட்டும். மூச்சு விடும்போது முதுகைக் கூரை போல் மேலே வளையுங்கள். இழுக்கும்போது முதுகைக் கீழே இறக்கி நெஞ்சைத் தூக்குங்கள். எட்டுத் தடவை. கூடை சுமந்த முதுகுக்கு இது மிகவும் இதம்.

ஐந்தாவது: துண்டு போட்டுக் காலை நீட்டுதல். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வையுங்கள். மற்றக் காலின் பாதத்தில் துண்டை மாட்டி, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு காலை மேலே தூக்குங்கள். முழங்கால் முழுதாக நீளாவிட்டாலும் பரவாயில்லை. தோள் தரையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து மூச்சு, இரண்டு தடவை. நின்று குனிவதைவிட இது இடுப்புக்குப் பாதுகாப்பானது.

ஆறாவது: சின்னப் பாம்பு. குப்புறப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். தொப்புள் தரையில் இருக்கட்டும். ஐந்து மூச்சு, இரண்டு தடவை. நாள் முழுக்க முன்னால் குனிந்த முதுகுக்கு இதுதான் நேர் எதிர்ப்பக்கம். இடுப்பில் குத்தினால் இதைச் செய்யாமல், நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக் குப்புறப் படுத்திருந்தால் போதும்.

ஏழாவது: ஓய்வு. மல்லாந்து படுத்து, முழங்காலில் இருந்து கீழ்க்காலை ஒரு பெஞ்சு மேலோ மடித்த படுக்கை மேலோ வையுங்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சரிவில் நின்ற காலுக்கும் இடுப்புக்கும் இது ஓய்வு. "நேரமில்லை" என்று இதை விட்டுவிடாதீர்கள்.

7. ஆறு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: ஒன்று, மூன்று, ஏழு ஆகியவை மட்டும். பத்து நிமிடம். வாரத்தில் நான்கு நாள்.

மூன்றாம், நான்காம் வாரம்: இரண்டையும் நான்கையும் சேருங்கள். பதினைந்து நிமிடம்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: ஏழையும் வரிசையாகச் செய்யுங்கள். இருபது நிமிடம்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு வழி. ஐந்தாவது பயிற்சியைத் தொடங்கிய முதல் நாள், துண்டை எந்த இடத்தில் பிடிக்கிறீர்களோ அங்கே ஒரு நூலைக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். கை நூலைத் தாண்டி மேலே போயிருந்தால் உங்கள் கால் தளர்ந்திருக்கிறது. போகாவிட்டாலும், காலையில் எழும்போது இடுப்பு எப்படி இருக்கிறது, கூடையை இறக்கிய பின் கழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுகோல்தான் முக்கியம்.

நம் நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரம். அதன் பெயருக்கே ஒன்பது சிகரம் என்று பொருள் சொல்வார்கள். உச்சிக்குப் போகிறவரும் அடிவாரத்தில் இருந்துதான் நடக்கிறார். ஒரு வாரம் தவறிப்போனால், பிள்ளைக்குச் சுகமில்லை, திருவிழா வந்துவிட்டது என்றால், விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே இருந்து திரும்பத் தொடங்குங்கள். அவ்வளவுதான்.

8. எந்த வலி நல்லது, எந்த வலி கெட்டது?

தசை நடுவில் மெதுவாக இழுப்பது போல் இருந்து, விட்டவுடன் போய்விட்டால் பயமில்லை. குத்துவது போல், மின்சாரம் பாய்வது போல், மூட்டுக்குள்ளே வலித்தால் உடனே விட்டுவிடுங்கள்.

கீழே சொல்பவற்றுக்கு யோகா மருந்து அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

- இடுப்பு வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி, கால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல்
- சலம், மலம் அடக்க முடியாமல் போதல், அல்லது சலம் போக முடியாமல் இருத்தல்
- சறுக்கி விழுந்த பின் வந்த முதுகு வலி
- காய்ச்சலோடு, அல்லது காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வருகிற முதுகு வலி
- நெஞ்சு வலி, மயக்கம்

இரண்டாவதாகச் சொன்னது வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலிக்கும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

9. கூடிப் பேச

இந்தப் பாடத்தை லயத்தில் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பேசுங்கள்.

1. உங்கள் வேலையில் உடம்பு எந்தப் பக்கம் அதிகமாக மடங்குகிறது? அதற்கு எதிர்ப்பக்கம் திறக்கிற பயிற்சி எது?
2. எழுந்தவுடன் ஏன் குனியக் கூடாது?
3. கை எட்டாதபோது எதை உதவிக்கு எடுக்கலாம்?
4. எந்த அடையாளம் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

நான்கு ஐந்து பேர் சேர்ந்து பிள்ளைக்காம்பராவிலோ வாசகசாலையிலோ வாரத்தில் இரண்டு நாள் செய்தால் விட்டுப்போகாது. ஒருவருக்கு வராததை மற்றவர் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கை முழங்காலில் நிற்கிறவர்தான் முதலில் சேர வேண்டியவர். அவருக்குத்தான் இது அதிகம் தேவை.